ஆறு மாத முதுநிலை ஆய்வுத் திட்டம்: வெற்று வரைபடத்திலிருந்து தொடங்குவது

முதுநிலை அறிவியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: ஆய்வேட்டுக்கென ஆறு மாதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, நெறியாளர் ‘உலோகங்களும் தாவர வளர்ச்சியும்’ என்று ஒரு பரப்பை மட்டும் சுட்டிக்காட்டியிருக்கிறார், நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளைப் படித்த பிறகும் எதைச் செய்வது என்ற தெளிவு பிறக்கவில்லை. தலைப்பை எப்படிக் குறுக்குவது, எத்தனை மாதிரிகள் வேண்டும், எப்போது எழுதத் தொடங்குவது என்பவை அவருடைய கேள்விகள்.

மூன்றுக்கும் விடை தேட ஒரே இடத்திலிருந்து தொடங்கலாம். ஆய்வேட்டில் இடம்பெறப்போகும் முதன்மையான வரைபடத்தை, தரவு ஒன்றுகூடக் கையில் இல்லாத இந்த நிலையிலேயே, ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கிடை அச்சில் என்ன, அதன் அலகு என்ன. நிலைக்குத்து அச்சில் என்ன, அதை எந்தக் கருவியால் அளக்கப்போகிறீர்கள். ஒவ்வொரு புள்ளியும் எத்தனை அளவீடுகளின் சராசரி. எந்தப் புள்ளியை எதனோடு ஒப்பிடப்போகிறீர்கள்? இவற்றை எழுத முடியவில்லை என்றால் உங்களிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இன்னும் இல்லை என்று பொருள். வரைந்து முடித்ததும் அதே தாளில், கோடு மேலே ஏறினால் என்ன முடிவுக்கு வருவீர்கள், கீழே இறங்கினால் என்ன, மட்டமாகவே கிடந்தால் என்ன என்று மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். மூன்றில் ஏதேனும் ஒன்றுக்கு ‘ஆய்வு வீணாகிவிடும்’ என்பதுதான் விடையென்றால், அந்தக் கேள்வியை நம்பி ஆறு மாதத்தை ஒப்படைக்கக் கூடாது. எப்படி அமைந்தாலும் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்படி அதை மாற்றியமைக்க வேண்டும்.

உங்கள் பரப்பையே எடுத்துக்கொள்வோம். துத்தநாகம் தாவர வளர்ச்சியைப் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு வரைபடம் வரைய இயலாது. எந்தத் தாவரம், எந்தப் பருவம், வளர்ச்சி என்பது எடையா, நீளமா, இலைப்பரப்பா என்பவை அதில் இல்லை. முள்ளங்கி நாற்றின் முதன்மை வேர், விதைத்த ஐந்தாம் நாளில், துத்தநாகத்தின் ஐந்து செறிவுகளில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற கேள்விக்கு வரையலாம். இவ்வளவு சிறிய கேள்விக்கு ஒரு பட்டமா என்ற தயக்கம் எழக்கூடும். இது முதல் பாதி மட்டுமே. கால்சியத்தைக் கூட்டினால் வேரின் பாதிப்பு மட்டுப்படுகிறதா, வேரில் சேரும் துத்தநாகத்தின் அளவும் அதற்கேற்பக் குறைகிறதா என்பது இரண்டாம் பாதி. முதல் பாதி ஏறக்குறைய உறுதியாகத் தரவு தரக்கூடியதாகவும், இரண்டாம் பாதி அதன்மேல் எழுவதாகவும், அது நடக்காமல் போனாலும் ஆய்வேடு குலையாததாகவும் இருக்கும் அமைப்பே குறுகிய காலத்துக்குப் பொருந்தும். முனைவர் பட்டத்துக்குரிய அளவில் திட்டமிட்டு அதில் ஒரு மூலையை மட்டும் அவசரமாகத் தொட்டு முடிக்கும் ஆய்வேடுகளை மதிப்பிடுவது எளிதல்ல. அவற்றில் முன்னுரை வாக்களிப்பதும் முடிவுரை தருவதும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றுப்போகின்றன.

படிப்பதைப் பற்றி ஒரு சொல். நாற்பது கட்டுரைகளின் சுருக்கங்களையும் முன்னுரைகளையும் படித்தால் எல்லாம் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டதாகத்தான் தோன்றும். இனி உங்கள் வரைபடத்துக்கு மிக நெருங்கிய ஐந்தாறு கட்டுரைகளை மட்டும் எடுத்து, அவற்றின் செய்முறைப் பகுதியையும் அட்டவணைகளையும் வரிவரியாகப் படியுங்கள். எத்தனை மறுசெய்கைகள் (அதே சோதனையைத் தனித்தனியாக எத்தனை முறை செய்தார்கள்), எந்தச் செறிவுகள், எந்த உப்பு, எந்தக் கருவி, சராசரியோடு தரப்பட்டிருக்கும் பிழை அளவு எது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்: சிலர் அளவீடுகள் தமக்குள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைத் தருவார்கள், சிலர் சராசரி எவ்வளவு துல்லியமானது என்று காட்டும் திட்டப் பிழையைத் தருவார்கள். திட்டப் பிழையை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் திட்ட விலக்கம் கிடைக்கும். விதைகளை முளைக்கவைக்கும் ஒன்பது தட்டுகளின் சராசரிக்குத் திட்டப் பிழை 2 மில்லிமீட்டர் என்றிருந்தால், தட்டுகளுக்கிடையிலான திட்ட விலக்கம் 6 மில்லிமீட்டர். அடுத்த கேள்விக்கு இந்த எண்தான் தேவை.

எத்தனை மாதிரிகள் என்பதற்கு ‘மூன்று’ என்று சொல்வது பல ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் யாரிடமும் விடை இருக்காது. இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும்போது, உண்மையிலேயே இருக்கும் ஒரு வேறுபாட்டை 5 விழுக்காடு முக்கியத்துவ மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் கொண்டுவிடும் வாய்ப்பு 5 விழுக்காடு) 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டுபிடிக்க, ஒரு குழுவுக்கு எத்தனை அலகுகள் வேண்டும் என்பதற்கு எளிய தோராயம் ஒன்று உண்டு. திட்ட விலக்கத்தை, நீங்கள் கண்டறிய விரும்பும் வேறுபாட்டால் வகுத்து, வருவதன் வர்க்கத்தை 16ஆல் பெருக்க வேண்டும். திட்ட விலக்கம் 6 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் வேறுபாட்டைத் தவறவிடக் கூடாது என்றால், 36ஐ 64ஆல் வகுத்து 16ஆல் பெருக்க 9 வருகிறது. மாதிரி சிறியதாக இருப்பதால் ஒன்றைக் கூட்டிப் பத்து தட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். 4 மில்லிமீட்டர் வேறுபாட்டையும் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதே கணக்கு 36 தட்டுகளைக் கேட்கும். தேடும் வேறுபாடு பாதியானால் உழைப்பு நான்கு மடங்காகிறது என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது. பல குழுக்களை ஒருங்கே ஒப்பிடும்போது எண்ணிக்கை இன்னும் சற்று உயரும். ஜி பவர், ஆர் போன்ற இலவச மென்பொருள்களில் அதைத் துல்லியமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை நேரமாக மாற்றிப் பாருங்கள். ஐந்து செறிவுகள், செறிவுக்குப் பத்து தட்டுகள், தட்டுக்குப் பத்து விதைகள் என்றால் அளக்க வேண்டிய வேர்கள் ஐந்நூறு. ஒரு வேருக்கு ஒரு நிமிடம் என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் தட்டை அளந்ததிலிருந்து கடைசித் தட்டை எடுக்கும்வரை வேர்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தட்டுகளைச் செறிவு வரிசையில் அளந்தீர்களானால், நேரத்தின் விளைவு செறிவின் விளைவோடு கலந்து பிரிக்க முடியாததாகிவிடும். வேர்களை அளவுகோலோடு ஒளிப்படம் எடுத்துவிட்டு, பிறகு இமேஜ்ஜே மென்பொருளில் அளப்பது ஒரு வழி. ஐந்து செறிவுகளும் ஒவ்வொன்றிலும் இடம்பெறும்படி இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, ஒருவார இடைவெளியில் செய்வது இன்னொரு வழி. ஒரு தொகுதியில் சில செறிவுகளும் அடுத்த தொகுதியில் மற்றவையும் என்று பிரிப்பதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்.

மேலே தட்டுகளை எண்ணினேனே தவிர விதைகளை எண்ணவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே தட்டில் இருக்கும் பத்து விதைகளும் ஒரே கரைசலையும் ஒரே ஈரத்தையும் ஒரே மூடியையும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே அவை பத்து தனித்தனிச் சான்றுகள் ஆகா. துத்தநாகம் தட்டுக்கு இடப்பட்டதால் மறுசெய்கையின் அலகு தட்டுதான். செறிவுக்கு ஒரே தட்டு வைத்து அதில் நூறு விதைகளை இட்டு ‘மாதிரி நூறு’ என்று எழுதினால், உண்மையான மாதிரி எண்ணிக்கை ஒன்று. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் 176 சோதனைக் கட்டுரைகளை ஆராய்ந்தபோது, புள்ளியியல் சோதனைகளைப் பயன்படுத்தியிருந்தவற்றில் 48 விழுக்காடு இந்தப் போலி மறுசெய்கைப் பிழையைக் கொண்டிருந்தன. இது தாவரங்களோடு நிற்பதில்லை. ஒரே தொட்டியில் நீந்தும் இருபது மீன்கள், ஒரே குடுவையிலிருந்து மூன்று முறை உறிஞ்சி எடுத்த கரைசல், ஒரே உலையில் ஒரே தடவை தயாரித்த வினையூக்கித் தூளின் ஐந்து அளவீடுகள் ஆகிய எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். மூன்று முறை உறிஞ்சியது உங்கள் கை எவ்வளவு சீரானது என்பதைச் சொல்லும்; செய்முறையை மீண்டும் செய்தால் அதே விளைவு வருமா என்பதைச் சொல்லாது.

ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் ஒரு மாலைப்பொழுது, பின்னால் வாய்மொழித் தேர்வில் உங்களைக் காப்பாற்றும். துத்தநாகத்தைத் தனியாக இட முடியாது. உப்பாகத்தான் இட முடியும். துத்தநாக சல்பேட்டை இட்டால் சல்பேட்டும் சேர்ந்தே போகிறது. வேர் குறுகியது எதனால் என்று தேர்வாளர் கேட்பார். அதே சல்பேட் செறிவுள்ள பொட்டாசியம் சல்பேட்டை ஒரு கட்டுப்பாடாக வைப்பதோ, ஒரு செறிவிலாவது துத்தநாக குளோரைடைக் கொண்டு சரிபார்ப்பதோ அந்தக் கேள்விக்கு விடையாகும். எடை போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமாகக் கிடைக்கும் துத்தநாக சல்பேட் ஏழு நீர் மூலக்கூறுகளைக் கொண்டது. அதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 287.5, அதில் துத்தநாகம் 65.4. லிட்டருக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டுமென்றால் 220 மில்லிகிராம் உப்பை எடுக்க வேண்டும். 50 மில்லிகிராம் உப்பைக் கரைத்தவர் 11 மில்லிகிராம் அளவுக்குத்தான் துத்தநாகத்தை இட்டிருக்கிறார். மேலும், சத்துக் கரைசலில் பாஸ்பேட் இருந்தால் துத்தநாகத்தில் ஒரு பகுதி வீழ்படிவாகிவிடக்கூடும் என்பதால், இட்ட செறிவும் வேர் உண்மையில் சந்தித்த செறிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில தட்டுகளின் கரைசலையாவது தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பார்ப்பது நல்லது.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது முன்னோட்டச் சோதனையை. பெரும்பாலோர் முன்னோட்டம் என்றால் கருவியைத் தொட்டுப் பழகுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது போதாது. இரண்டு செறிவுகள், செறிவுக்கு மூன்று தட்டுகள் என்ற சிறிய அளவில், விதை ஊறவைப்பதில் தொடங்கி, அளந்து, தாளில் குறித்து, கணினியில் ஏற்றி, புள்ளியியல் சோதனையை ஓட்டி, அச்சுகளின் பெயர்களோடு வரைபடத்தை வரைந்து முடிப்பதுவரை ஒரு முழுச் சுற்றை முதல் ஆறு வாரத்துக்குள் செய்து முடியுங்கள். அந்த ஒரு சுற்றில்தான், கட்டுப்பாட்டிலேயே முளைப்புத்திறன் குறைவாக இருப்பதும், வேர் வடிதாளுக்குள் நுழைந்துவிடுவதால் நேராக அளக்க முடியாமற்போவதும், நிறமாலைமானியில் உங்கள் மாதிரிகள் அளவுத்திருத்தக் கோட்டின் எல்லைக்கு வெளியே விழுவதும், நீங்கள் எழுதிவைத்த தரவு அட்டவணையை மென்பொருள் ஏற்க மறுப்பதும் தெரியவரும். இவற்றை இரண்டாம் மாதத்தில் அறிந்தால் திருத்தம்; ஐந்தாம் மாதத்தில் அறிந்தால் ஆய்வேட்டில் ‘ஆய்வின் வரம்புகள்’ என்ற தலைப்பில் ஒரு வருத்தமான பத்தி. புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரையில் சொன்னதன் சாரம், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் செல்வது பெரும்பாலும் பிணக்கூறாய்வு கோருவதாகவே அமையும் என்பது. உங்கள் துறையில் புள்ளியியல் தெரிந்தவர் இருந்தால், முன்னோட்டத் தரவோடும் அந்த வெற்று வரைபடத்தோடும் அவரை இப்போதே சந்தியுங்கள்.

கணினி வழி ஆய்வு செய்பவர்களுக்கும் இது பொருந்தும். செயற்கைக்கோள் படங்கள், மரபணு வரிசைத் தொகுப்புகள், விண்மீன் அட்டவணைகள் ஆகியவற்றை வைத்துச் செய்யும் முதுநிலை ஆய்வு எவ்விதத்திலும் தரம் குறைந்ததல்ல. லேண்ட்சாட் படத்தொகுப்பு மட்டுமே 1972 தொடங்கி இருக்கிறது. அங்கே முன்னோட்டம் என்பது, விடை என்னவென்று உங்களுக்கே தெரிந்த செயற்கைத் தரவை உருவாக்கி, உங்கள் நிரலில் செலுத்தி, அதே விடை திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. கள ஆய்வு செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கட்டாயம் உண்டு: பூக்கும் பருவமும் இடம்பெயர்வுக் காலமும் உங்கள் கல்வியாண்டுக்காகக் காத்திருப்பதில்லை. அனுமதிகளும் அப்படித்தான். வனவிலங்குக் காப்பகங்களில் நுழைய, முதுகெலும்பிகளைக் கையாள, மனிதர்களிடமிருந்து மாதிரி பெற, இன்னொரு நாட்டின் மரபு வளங்களைப் பயன்படுத்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒப்புதல் தேவைப்படலாம்; 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை இவற்றில் கடைசியானதைப் பற்றியது. தலைப்பு முடிவான அன்றே விண்ணப்பிக்க வேண்டியவை இவை.

கால ஒதுக்கீட்டுக்கு வருவோம். ஐரோப்பியக் கல்வி அலகு முறையில் ஓர் அலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். 30 அலகுள்ள ஆய்வேடு என்றால் 750 முதல் 900 மணி நேரம். நீங்கள் எந்த முறையில் படித்தாலும் ஆறு மாத ஆய்வின் உழைப்பு ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் சோதனை மேசையில் செலவிடக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நான்காம் மாத முடிவில் முதன்மைத் தரவு கையில் இருக்க வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கருவிக்கு முன்பதிவு செய்ய வேண்டிய கால இடைவெளி, வேதிப்பொருள் வந்து சேர ஆகும் வாரங்கள், கருவியை இயக்கக் கற்றுத்தரும் மூத்த மாணவர் ஊரில் இருக்கும் நாட்கள் ஆகிய மூன்றும்தான் உண்மையான கால அட்டவணையைத் தீர்மானிக்கின்றன. திட்ட முன்மொழிவில் வண்ணப் பட்டைகளோடு ஒட்டப்படும், எந்த வேலை எப்போது என்று காட்டும் கான்ட் வரைபடங்கள் பார்க்க அழகானவை. இந்த மூன்றையும் விசாரிக்காமல் வரையப்பட்டிருந்தால் அவற்றால் பயனில்லை.

நெறியாளரிடம் செல்லும்போது ‘என்ன செய்வது’ என்று கேட்காமல், ஒரு பக்கக் குறிப்போடு செல்லுங்கள்: சென்ற வாரம் செய்தது, கிடைத்த வரைபடம், அடுத்து செய்ய நினைப்பது, அவர் முடிவெடுத்துத் தர வேண்டியது. பேசி முடித்ததும் முடிவானவற்றை இரண்டு வரியில் அவருக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். வேலை மிகுந்த நெறியாளர்கள் மூன்று வாரம் முன்பு தாம் சொன்னதை நேர்மையாகவே மறந்துபோவார்கள். அப்போது அந்த மின்னஞ்சல் இருவருக்கும் உதவும். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டிய ஒன்று: இதே ஆய்வகத்தில் இதற்கு முன் இந்த முறையைப் பயன்படுத்திய மாணவரின் மூலத் தரவைப் பார்க்க முடியுமா? அதிலிருந்து கிடைக்கும் திட்ட விலக்கம், வெளியான கட்டுரைகளிலிருந்து கிடைப்பதைவிட உங்கள் சூழலுக்கு நெருக்கமானது.

சோதனை நடக்கும் காலத்தில் இரண்டு ஒழுங்குகள் போதும். முதலாவது, இடத்தையும் வரிசையையும் குலுக்கல் முறையில் ஒதுக்குவது. வளர்ப்பறையின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. 96 குழித் தட்டின் ஓரக் குழிகள் நடுக் குழிகளைவிட விரைவில் வற்றுகின்றன. காலையில் சூடாகிக்கொண்டிருக்கும் கருவி மாலையில் காட்டும் அளவும் சற்று நகர்ந்திருக்கும். கட்டுப்பாட்டு மாதிரிகளை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் அளப்பவர் இந்த நகர்வைத் தன் கண்டுபிடிப்பாக அறிவித்துவிட நேரும். தட்டுகளுக்கு எண் மட்டும் இட்டு, எந்த எண் எந்தச் செறிவு என்ற பட்டியலை நண்பரிடம் கொடுத்துவிட்டு அளந்தால் உங்கள் எதிர்பார்ப்பும் அளவுகோலை இழுக்காது.

இரண்டாவது, ஆய்வகக் குறிப்பேடு. நாளைக் குறித்து, பக்க எண்ணிட்ட நோட்டில், மையால், செய்துகொண்டிருக்கும்போதே எழுத வேண்டும். தவறானதை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். கிழிக்கவோ வெள்ளை பூசவோ கூடாது. வேதிப்பொருளின் தொகுதி எண், கரைசல் தயாரித்த நாள், அன்றைய அறை வெப்பநிலை, அமில கார மானியைத் திருத்த எடுத்த தாங்கல் கரைசல்கள் ஆகியவை அன்று அற்பமாகத் தோன்றும். நேச்சர் இதழ் 2016இல் 1,576 ஆய்வாளர்களிடம் கேட்டபோது, எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறர் செய்த சோதனையையும், பாதிக்கும் மேற்பட்டோர் தாம் செய்த சோதனையையுமே மீண்டும் செய்து அதே விளைவைப் பெற முடியாமற்போனதுண்டு என்று கூறினார்கள். தன் சோதனையையே தன்னால் திரும்பச் செய்ய முடியாமற்போகும்போது, முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த அற்பமான குறிப்புகளைத்தான்.

கணினிக் கோப்புகளுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். மூலத் தரவுக் கோப்பை ஏற்றியதும் படிக்க மட்டும் முடியும்படி பூட்டிவிட்டு, திருத்தங்களையெல்லாம் அதன் நகலில், இயன்றால் நிரல் வழியாகவே செய்யுங்கள். எக்செல் உங்களைக் கேட்காமலேயே சிலவற்றை மாற்றிவிடும். செப்ட்2, மார்ச்1 என்று சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்களை அது தேதிகளாக மாற்றிவிட்டதால், மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் பிழை புகுந்திருந்தது 2016இல் தெரியவந்தது. இறுதியில் மரபணுப் பெயரிடும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. தரவின் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

பகுப்பாய்வில் புதிதாக முடிவெடுக்க வேண்டியது குறைவாக இருந்தால் திட்டம் நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள். எந்த ஒப்பீடுகள் முதன்மையானவை என்பதை முன்னோட்டத்தின்போதே எழுதி நாளிட்டு வைத்துவிடுங்கள்; பகுப்பாய்வில் அவற்றை மட்டும் முதலில் செய்யுங்கள். மற்றவற்றையும் பார்க்கலாம், ஆனால் தேடிப் பார்த்தவை என்று ஆய்வேட்டில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். எந்த விளைவுமே இல்லாத தரவில் ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை 5 விழுக்காடு மட்டத்தில் ஓட்டினால், ஒன்றாவது ‘முக்கியமானது’ என்று வருவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. வேறுபாடு தெரியவில்லை என்று வந்தால் ‘விளைவு இல்லை’ என்று எழுதிவிடாமல், உண்மையான வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியைக் கொடுங்கள். வேறுபாடு மைனஸ் 2 முதல் பிளஸ் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று காட்டினால், 8 மில்லிமீட்டர் அளவிலான பாதிப்பு இருக்க வாய்ப்பில்லை என்று துணிந்து சொல்லலாம். அது ஓர் உருப்படியான முடிவு. மைனஸ் 15 முதல் பிளஸ் 18 வரை என்று வந்தால் உங்கள் சோதனை எதையும் சொல்லவில்லை.

எதிர்பாராத விளைவு வந்தால் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. 1890களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் ஒரு கண்ணாடிக் கோளத்தில் சுமார் 2.310 கிராம் எடை காட்டியது. வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்றது சுமார் 2.299 கிராம். அரை விழுக்காடுதான் வேறுபாடு. ஆனால் அவருடைய அளவீடுகள் தமக்குள் வேறுபட்டது அதைவிட மிகக் குறைவாகவே என்று அவருக்குத் தெரிந்திருந்ததால் அதை ஒதுக்கவில்லை. மாசுகளை வேண்டுமென்றே கூட்டியும் நீக்கியும் பார்த்தார். 1894இல் வேதியியலாளர் ராம்சேயோடு சேர்ந்து அறிவித்த ஆர்கான் வாயு அதிலிருந்து வந்தது. 2011 செப்டம்பரில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு ஏறத்தாழ 730 கிலோமீட்டர் பயணித்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி முந்தி வந்ததாக, அவற்றை அளந்த ஓபரா ஆய்வுக் குழு அறிவித்தது. மறு ஆண்டு, சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு அதற்கு முதன்மைக் காரணமாகத் தெரியவந்தது. ஒன்று புதிய தனிமம், மற்றது தளர்ந்த கம்பி. விளைவை முதலில் பார்த்த அன்று எது எதுவென்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. முதுநிலை மாணவருக்கு இதில் நடைமுறையாகக் கிடைப்பது சரிபார்க்க வேண்டிய வரிசை: முதலில் இணைப்புகள், அளவுத்திருத்தம், வெற்று மாதிரி, பிறகு கணக்கும் நிரலும், பிறகு புதிதாகத் தயாரித்த கரைசலோடு சோதனையை மீண்டும் ஒருமுறை, அதன் பிறகே விளக்கம். பொருந்தாத புள்ளியை நீக்குவதென்றால், அதற்கான காரணம் குறிப்பேட்டில் அன்றைய தேதியில் இருக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்த பிறகு தோன்றிய காரணம் செல்லாது.

எழுதுவது எப்போது என்று கேட்டிருந்தீர்கள். செய்முறைப் பகுதியை முன்னோட்டம் முடிந்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள். அப்போதுதான் எத்தனை நிமிடம் அசைத்தீர்கள், எந்த வடிதாள் என்பவை நினைவில் இருக்கும். முடிவுகள் பகுதி, வரைபடங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்று எழுதுவதிலிருந்து உருவாகும். அடுத்து விவாதம், கடைசியாக முன்னுரை. முன்னுரையை முதலில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அதை இரண்டு முறை எழுத நேர்கிறது. மேற்கோள்களைச் சோட்டரோ போன்ற கருவியில் முதல் நாளிலிருந்தே சேர்த்து வாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் வருவதுண்டு என்பதால், நீங்களே திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அக்கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்பதையும் முன்கூட்டியே கேட்டு அறியுங்கள்.

வாய்மொழித் தேர்வில் வரும் கேள்விகளில் கணிசமானவை செய்முறை வடிவமைப்பைப் பற்றியவை: ஏன் இந்தச் செறிவுகள், ஏன் பத்து தட்டுகள், கட்டுப்பாடு ஏன் இது, இந்தச் சோதனை எந்த அனுமானங்களின்மேல் நிற்கிறது? அந்த வெற்று வரைபடத் தாளையும் முன்னோட்டக் கணக்கையும் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டால் இவற்றுக்கு விடை அங்கேயே இருக்கும். ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும் முன், மூலத் தரவையும் நிரலையும், தரவு அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது, அதன் அலகு என்ன என்று விளக்கும் ஒரு பக்கக் கோப்பையும் நெறியாளரிடம் கொடுத்து, உறைகலனில் இருக்கும் குப்பிகளில் பெயர், பொருள், செறிவு, நாள் நான்கும் அழியாத மையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அந்தக் குப்பிகளை அடுத்து எடுக்கப்போகும் மாணவரால் உங்களிடம் கேட்க முடியாது.